இருபத்திமூணாம் படி

என் கூட்டாளியும் என் பாதி மூளையுமான சுடலைமுத்துக்கு, ஆறுமுகம் எழுதுதது.

ஏலே, 'நலம், நலமறிய ஆவல்'னு ஆரம்பிச்சா நீயே சிரிப்பே. போய்ச் சேந்தவன்கிட்ட என்னத்த நலம் விசாரிக்க? அதனால என் நலத்தை மட்டும் சொல்லிருதேன். சர்க்கரை கூடியிருக்கு. முட்டி வலி அப்படியேதான் கெடக்கு. பேரனைப் பாத்துக்கிட கோயம்புத்தூர் போன பொஞ்சாதி மகன் வீட்டுலயே தங்கிட்டா. வீட்டுல நானும் சுவர்க் கடிகாரமும்தான். பேச ஆள் இல்லாம சில நாள் வாயே ஒட்டிக்கிடும் போல இருக்கு.

நம்ம நூலகர் வாசகர் வட்ட மலருக்கு ஒரு கட்டுரை கேட்டாரு. "அண்ணாச்சி, நீங்க கம்ப்யூட்டரை ஜெயிச்ச கதையை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, முதல் பக்கத்துல போட்டிருவோம்"னாரு. எனக்கும் பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். பேனாவை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். நாலு நாள் ஒரு வரி ஓடல. அஞ்சாம் நாள்தான் தெரிஞ்சுது, இது அவருக்கு எழுதுத விசயம் இல்ல, உனக்கு எழுத வேண்டியதுன்னு. மலர்ல வரட்டும். ஊர்க்காரங்க கூட நின்னு கேட்டுக்கிடட்டும். அவங்க கேக்கணும்னுதான் எழுதுதேன்.

உன்னைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிருதேன். சுடலைமுத்து சேரன்மகாதேவியில லஸ்கர். கால்வாய் மடையைத் திறக்கணும், அடைக்கணும், கரையோட நடந்து எவ்வளவு தண்ணி போகுதுன்னு பாத்து நோட்டுல எழுதணும், அதான் வேலை. நான் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். ஒரு நிமிசம் பிந்தி வந்த வண்டிக்கும் விசில் அடிச்சுச் சண்டை போட்டவன். தண்ணி பைய வரும்னு காத்திருக்கத் தெரிஞ்சவனும், எதுக்கும் காத்திருக்கத் தெரியாதவனும் ஒரே அணி. நூலகத்துல வருசா வருசம் நடக்குத வினாடி வினாவுல பதினெட்டு வருசம் நாம ரெண்டு பேரும் சேந்துதான் உக்காந்தோம்.

சரித்திரம், பூகோளம், ஆறு, குளம், பயிர், பறவை எல்லாம் உன் பங்கு. சினிமா, கிரிக்கெட், அரசியல், எந்த ஊருக்கு எந்த வழி, இதெல்லாம் என் பங்கு. எனக்கு பதில் தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் கை மணிக்குப் போயிரும். அதைத் தடுக்க நீதான் ஒரு ஏற்பாடு பண்ணினே. பதில் உறுதின்னா மேசைக்கு அடியில உன் காலால என் காலை ஒரு மிதி மிதிப்பே. மிதி விழுந்தாத்தான் நான் மணி அடிக்கணும். எதிரணிக்கும் தெரியாது, கேள்வி கேக்குதவருக்கும் தெரியாது. கால்வாய்க் கரையில வெறுங்காலா நடந்து காய்ச்சுப் போன கால் உன் கால். என் சுண்டுவிரல் நகம் ரெண்டு தடவை கறுத்துப் போச்சு. ஆனா பதினெட்டு வருசத்துல அந்த மிதி ஒரு தடவை கூடப் பொய் சொல்லல.

ஒரு தடவைதான் நான் அதை மதிக்கல.

அந்த வருசம் கடைசிக் கேள்வி, "நம்ம ஊர்ப் படித்துறையில மொத்தம் எத்தனை படி?" கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. முந்தின வருச மலருக்கு அந்தப் படியை எண்ணிக் குடுத்தவனே நான்தான். சித்திரை மாசம், ஆத்துல தண்ணி கணுக்கால் அளவு. மேல இருந்து ஒவ்வொண்ணா மிதிச்சு இறங்கி எண்ணினேன். இருபத்திரெண்டு. அதுக்குக் கீழ மணல். மலர்லயும் அப்படித்தான் அச்சாச்சு.

நீ என் காலை மிதிச்சே. குனிஞ்சு, "இருபத்திமூணுலே. மணலுக்குக் கீழ ஒண்ணு கெடக்கு, மடை அடைச்ச ஒரு வறட்சி வருசம் நான் பாத்திருக்கேன்"னே. நான் காலை உருவிக்கிட்டு மணியை அடிச்சேன். இருபத்திரெண்டுன்னேன். சரின்னு சொல்லிட்டாங்க, கைதட்டல், கோப்பை நமக்கு. அதோட விட்டிருக்கலாம். நீ எந்திரிச்சு நின்னு, "இல்ல சார், இருபத்திமூணு"ன்னே. ஜெயிச்ச அணியில இருந்துக்கிட்டே ஜெயிச்ச பதிலைத் தப்புன்னு சொல்லுத ஆளை அந்த மேடை அன்னைக்குத்தான் பாத்துச்சு. எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. மைக்கை இழுத்து, "லஸ்கருக்குத் தண்ணியை அளக்கத்தான் தெரியும், படியை எண்ணத் தெரியாது"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. முன்வரிசையில உன் மேலதிகாரி உக்காந்திருந்தாரு, அவரும் சிரிச்சாரு. உன் மகள் கோமதி அப்பம் பன்னெண்டாம் கிளாஸ். அவ சிரிக்கல. நீ கோப்பையைத் தொடாம இறங்கிப் போயிட்டே.

மறுநாள் வருவேன்னு நெனச்சேன். பிறகு, நானா போகணுமாக்கும்னு நெனச்சேன். நான் ஜெயிச்சவன், நான் என்னத்துக்குப் போகணும்? இப்படியே ஏழு வருசம் ஓடிப்போச்சு. ஒரே ஊரு, ஒரே ஆத்துல குளியல். நீ வாரதைப் பாத்தா நான் துண்டை உதறிக்கிட்டு வேற பக்கம் பாப்பேன். ஒரு படிக்காக ஏழு வருசம்னு எவனாவது நம்மகிட்ட கேள்வியா கேட்டிருந்தா, நாம பதில் சொல்லியிருப்போமா?

அப்புறம் ஒரு ஆவணி மாசக் காலையில நீ கரையோரமா உக்காந்தவன் எந்திரிக்கலன்னு சேதி வந்துச்சு. சட்டையை மாட்டிக்கிட்டு உன் தெருமுக்கு வரைக்கும் வந்தேன்லே. அங்கன டீக்கடையில நின்னேன். உன் வீட்டு வாசல் தெரிஞ்சுது. கோமதி படியில உக்காந்திருந்தா. நான் உள்ள போனா அந்தப் பிள்ளை என்னைப் பாத்து என்ன நெனைக்கும்? டீயைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். ஆறிப்போன டீயைக் கீழ ஊத்திட்டுத் திரும்பி வந்துட்டேன். உன்னைத் தூக்கிட்டுப் போனதை தூரத்துல இருந்துதான் பாத்தேன். இதை நான் யாருகிட்டயும் சொன்னது இல்ல. இன்னைக்கு அச்சுல சொல்லுதேன்.

இப்ப கம்ப்யூட்டர் கதைக்கு வாரேன்.

உன் மகள் இப்ப கம்ப்யூட்டர் வாத்திச்சி, தெரியுமா? திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜுல பாடம் எடுக்கா. இந்த ஆனி மாசம் நூலகத்துல வழக்கமான போட்டிக்குப் பதிலா ஒரு புது ஏற்பாடு. செயற்கை நுண்ணறிவு ஒரு பக்கம், ஊர்க்காரன் ஒரு பக்கம். அதைக் கொண்டு வாரது கோமதி. ஊர்ப் பக்கம் யாருன்னு பாத்தா, நான். நூலகர் வீட்டுக்கு வந்து கேட்டாரு. கோமதி பேரைக் கேட்டதும் மாட்டேன்னுட்டேன். அவர் போனதும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் நானே போய் சரின்னுட்டேன். உன் மகளைப் பக்கத்துல பாக்கலாம்ல.

மேடையைப் பாத்திருந்தா சிரிச்சிருப்பே. எதிர் மேசையில ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்பீக்கர், பின்னால பெரிய திரை. யாரோ கணினிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு விட்டிருக்காங்க. எனக்கு ஒரு தண்ணி பாட்டில் வச்ச கையோட அதுக்கும் ஒண்ணு வச்சுட்டாங்க. என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கெடந்துச்சு. "எடுத்துரட்டுமா அண்ணாச்சி?"ன்னு நூலகர் கேட்டாரு. கெடக்கட்டும்னேன்.

கோமதி வந்து கும்பிட்டா. உன் மூக்கு, உன் நெத்தி. "வணக்கம் சார், உடம்பு நல்லா இருக்கா சார்?"னு கேட்டா. சார். சின்ன வயசுல சித்தப்பா சித்தப்பான்னு என் சைக்கிள் பாரைப் பிடிச்சுத் தொங்கின பிள்ளை. நல்லா இருக்கேம்மான்னேன். வேற என்ன சொல்லத் தோணும், சொல்லு.

முதல் சுற்று பொது அறிவு. அது கேள்வி முடியதுக்கு முந்தியே பதிலை வச்சுக்கிட்டு நிக்கும்ங்கதால, நான் மணி அடிக்கதுக்குப் பத்து செகண்டு இடம் விடணும்னு அதுக்கு ஒரு கட்டுப்பாடு. பரிதாபப்பட்டுக் குடுத்த பத்து செகண்டு. கிரிக்கெட்டுல நாலு, அரசியல்ல மூணு அடிச்சேன். பறவை, பயிர், பூகோளம் வரும்போதெல்லாம் கை மணி மேல இருக்கு, பதில் வாயில வரமாட்டேங்கு. அந்தப் பங்கெல்லாம் உன் பங்குல்லா? பத்து செகண்டும் கழியும், ஸ்பீக்கர் பதில் சொல்லும். உன்னை என் பாதி மூளைன்னு ஆரம்பத்துல எழுதினேனே, வெறும் பேச்சுக்கு எழுதல.

ரெண்டாவது சுற்று ஆடுபுலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு, திரையில கட்டம். பூவா தலையா போட்டதுல எனக்கு ஆடு விழுந்துச்சு. நாம விளையாடும்போது நான் எந்தக் காலத்துல ஆடு பிடிச்சிருக்கேன்? பொறுமையா நகத்தி நகத்திப் புலியைக் கட்டுதது உன் வேலை, பாய்ஞ்சு வெட்டுதது என் வேலை. ஆட்டை வச்சுக்கிட்டு புலி மாதிரி பாய்ஞ்சேன். அது ஒவ்வொண்ணா தின்னுட்டு. நீ ஜெயிச்சா ஒரு பொடிச் சிரிப்பு சிரிப்பே, எனக்குப் பத்திக்கிட்டு வரும். அது சிரிக்கல, சும்மா அடுத்த கேள்விக்குத் தயாரா நின்னுச்சு. அந்தப் பொடிச் சிரிப்பு இல்லாம தோத்தது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுலே.

மூணாவது சுற்று நம்ம வட்டாரம். இங்கன நான் எந்திரிச்சுட்டேன். மாஞ்சோலை பஸ் எந்தெந்த இடத்துல நின்னு போகும்னு கேட்டாங்க. அதுக்கு நான் மணி அடிக்காமலே சொல்லுவேன். கங்கைகொண்டான் கம்பெனிக்கு ஆள் ஏத்திட்டுப் போகுத ஷிப்ட் வண்டி, கோயில் கொடை, சந்தை நாள், எல்லாம் மளமளன்னு வந்துச்சு. அது ரெண்டு மூணு இடத்துல என்னத்தையோ உளறிச்சு. ஜனங்க விசில் அடிச்சாங்க. கடைசிக் கேள்வி வரும்போது ரெண்டு பேரும் சமம்.

நூலகர் பழைய மலர் ஒண்ணைக் கையில எடுத்தாரு. "உலகத்துல உள்ளதெல்லாம் இதுக்குத் தெரியுது. நம்ம ஊர் தெரியுதான்னு பாப்போம். நம்ம படித்துறையில மொத்தம் எத்தனை படி?"ன்னாரு.

மனுசன் வேணும்னு கேக்கல. அவர் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்து மூணு வருசம்தான் ஆகுது. அவருக்கு என்ன தெரியும்? எனக்குக் கை மணிக்குப் போகல. சுடலை, சத்தியமா சொல்லுதேன், மேசைக்கு அடியில என் கால் உன் காலைத் தேடிச்சு. காலி நாற்காலியோட கால்ல போய் இடிச்சுது. பத்து செகண்டும் போயிட்டு.

ஸ்பீக்கர் சொல்லிச்சு: "இருபத்திமூன்று படிகள்."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. அந்த எண்ணை இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் சொல்லிக் கேட்டிருக்கேன். அதுவும் ஒன்பது வருசத்துக்கு முந்தி, அதே மேடையில. திரும்பிக் கோமதியைப் பாத்தேன். அவ சிரிக்கல. அன்னைக்கு உக்காந்திருந்த மாதிரியே உக்காந்திருந்தா.

"தப்பு. அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க"ன்னு நூலகர் என் பக்கம் திரும்பினாரு.

தெரியலன்னு சொல்லியிருக்கலாம். போய் எண்ணிட்டு வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்கலாம். உன் பேரையாவது சொல்லியிருக்கலாம். ஆனா கூட்டம் என்னைப் பாக்குது, மலர்ல என் கணக்கு அச்சாயிருக்கு. வாய் தானா சொல்லிட்டு, இருபத்திரெண்டுன்னு. ரெண்டாம் தடவை உன் காலைத் தட்டிவிட்டேன்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாம அடிக்கு. நூலகர் விளையாட்டா ஸ்பீக்கரைப் பாத்து, "என்ன, தப்பா சொல்லிட்டியே?"ன்னாரு. அது உடனே, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. இருபத்திரண்டு படிகள்தான்"னு ஒத்துக்கிட்டு. ஒரு வாக்குவாதம் இல்ல. ஒரு கோபம் இல்ல. ஜனங்க இன்னும் பலமா சிரிச்சாங்க. எனக்கு மட்டும் நீ எந்திரிச்சு நின்னது ஞாபகம் வந்துச்சு. கோப்பை கையில இருக்கும்போதே அதைத் தப்புன்னு சொல்ல ஒரு ஆள் எந்திரிச்சு நின்னான்லா? அவனைப் போய் நான் என்ன சொன்னேன்.

இந்தத் தடவையும் எனக்கே குடுத்த கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு கோமதிகிட்ட போனேன். அவ வயரைச் சுத்திக்கிட்டு இருந்தா. சாதாரணமா கேக்குத மாதிரி, "அந்த இருபத்திமூணு அதுக்கு எங்கன இருந்தும்மா வந்துச்சு?"ன்னேன்.

"அப்பா நோட்டுல இருந்து சார்."

ஊர் உலகம் தெரிஞ்ச அந்த மிசினுக்கு சேரன்மகாதேவி மட்டும் சரியா தெரியலையாம். அதனால உன் நோட்டெல்லாத்தையும் உக்காந்து தட்டச்சு பண்ணி அதுக்குள்ள ஏத்தியிருக்கா. முன்பக்கம் மடைக்கணக்கு, நோட்டைத் திருப்பிப் பிடிச்சா பின்பக்கம் வினாடி வினாக் குறிப்பு, அப்படி நீ எழுதி வச்ச அம்புட்டு நோட்டையும். ரெண்டு வருசமா அதான் வேலையாம். பறவை, பயிர், பூகோளம்னு அது எனக்கு எதிரா சொன்னதுல பாதி நீ எழுதினதுதான். நான் அம்புட்டு நேரமும் உன் கூடவேதான் போட்டி போட்டிருக்கேன், தெரியாம.

"உங்கப்பன் தப்பா எண்ணிட்டான் போலும்மா"ன்னேன். பாரு, அப்பமும் எனக்கு வாய் அடங்கல.

அவ கணினியை மறுபடி திறந்து, ஒரு நோட்டுப் பக்கத்தோட போட்டோவைப் பெருசாக்கி என் பக்கம் திருப்பி வச்சா. உன் கையெழுத்து, வலது பக்கமா சாய்ஞ்சு போகுத அதே எழுத்து. நீ போய்ச் சேர்றதுக்கு முந்தி வந்த அந்த மார்கழிப் பெருவெள்ளம் வடிஞ்ச பிறகு எழுதினது. எனக்கு இப்ப மனப்பாடம். ஊருக்கும் தெரியட்டும்:

'வெள்ளம் வடிஞ்சுட்டு. படித்துறையில மணல் பூரா வாரிட்டுப் போயிட்டு. இருபத்திமூணாம் படி நல்லாத் தெரியுது. ஆறுமுகத்தைக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு அவன் வீட்டுத் தெரு வரைக்கும் போனேன். வீட்டுக்குள்ள தண்ணி ஏறியிருக்கு. மெத்தை, துணி, பழைய மலர் எல்லாத்தையும் வெயில்ல காயப் போட்டுட்டு வெறும் உடம்போட நிக்கான். பாவமா இருந்துச்சு. இந்த நேரத்துல போய் நான் சொன்னதுதான் சரின்னு சொன்னா நல்லா இருக்காது. பெறகு பாத்துக்கிடலாம். அதுக்குள்ள மணல் மூடாம இருந்தாச் சரி.'

ஏலே, நீ வந்திருக்கேலே. நான் உன் தெருமுக்குல டீயைப் பிடிச்சுக்கிட்டு நின்ன மாதிரியே நீயும் என் தெருமுக்கு வரைக்கும் வந்திருக்கே. நான் வெக்கத்துல திரும்பினேன். நீ எனக்காகப் பரிதாபப்பட்டுத் திரும்பியிருக்கே. உள்ள வந்து, 'ஏலே மடையா, இருபத்திமூணு'ன்னு ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? எட்டு மாசம் நீ உயிரோட இருந்தே அதுக்குப் பிறகு. எட்டு மாசம் நமக்கு மிச்சம் இருந்துச்சு.

மறுநாள் காலையில ஆத்துக்குப் போனேன். கார் சாகுபடிக்குத் தண்ணி திறந்து விட்டிருக்காங்க, கீழ்ப்படியெல்லாம் முங்கிக் கெடக்கு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு மேல்படியில இருந்து எண்ணிக்கிட்டே இறங்கினேன். பதினேழுக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியல, காலாலதான் எண்ணணும். இருபதுல இடுப்பளவு. அங்கன துணி துவைச்ச பொம்பளை ஒருத்தி, "ஏ பெரியவரே, ஆழத்துக்குப் போகாதீரும், வழுக்கும்"னு சத்தம் போட்டா. "படி எண்ணுதேம்மா"ன்னேன். "எண்ணி என்ன செய்யப் போறீரு?"ன்னு கேட்டா. அவளுக்கு என்னன்னு சொல்ல?

இருபத்திரெண்டுல நின்னேன். மாரளவு தண்ணி, நல்ல இழுப்பு. நான் என் காலத்துல அதுக்குக் கீழ போனதே கிடையாது. படியோரம் கட்டியிருந்த கம்பிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வலது காலைப் பைய இறக்கினேன். மணல் மெத்துன்னு படும்னுதான் மனசு சொல்லுது. படல. கல்லு பட்டுச்சு. பாசி பிடிச்ச, நல்ல அகலமான கல்லு. உள்ளங்கால் முழுசும் பதிஞ்சுது. மேசைக்கு அடியில நீ மிதிக்க மாதிரியே இருந்துச்சுலே.

அப்படியே நின்னு அழுதேன். ஆத்துக்குள்ள நின்னு அழுதா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சுட்டு. துவைக்கதை நிறுத்திட்டு, நான் கரையேறுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா.

ஈர வேட்டியோட வீட்டுக்குப் போய் கோப்பையை எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன். டீக்கடையைத் தாண்டும்போது கால் தயங்கிச்சு. தாண்டிட்டேன். மதினிதான் கதவைத் திறந்தா. என்னையும் கோப்பையையும் ஈர வேட்டியையும் மாத்தி மாத்திப் பாத்தா. "இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேட்டா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல. அவ நாலு கேள்வி கேட்டுத் திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

கோப்பையை உன் போட்டோவுக்கு முன்னால வச்சேன். போட்டோவுல நீ சட்டைக்கு மேல்பட்டன் போட்டுக்கிட்டு விறைப்பா இருக்கே, எவன் எடுத்தானோ. கோமதிகிட்ட, "ஜெயிச்சது உன் மிசின்தாம்மா. நான் போய் மிதிச்சுப் பாத்துட்டேன். இருபத்திமூணு"ன்னேன். அவ கோப்பையைக் கொஞ்சம் நேரா நகத்தி வச்சா. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, சித்தப்பாக்குக் காப்பியில சீனி போடாத"ன்னா.

சித்தப்பா. எனக்குச் சர்க்கரைன்னு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதையும் நோட்டுல எழுதி வச்சிருந்தியா?

காப்பி குடிக்கும்போது அவ ஒண்ணு சொன்னா. உன் நோட்டை எல்லாம் வச்சு அந்த மிசினை உன்னை மாதிரியே பேச வைக்கலாமாம். நெல்லைத் தமிழ்லயே பேசுமாம். "சித்தப்பா, ஏதாவது கேக்கணும்னா கேளுங்க"ன்னா. எனக்கு ஆசை இல்லாம இல்ல. வீட்டுல ஒரு கடிகாரம்தான் பேசுதுன்னு சொன்னேன்ல. ஆனா வேண்டாம்மான்னுட்டேன். நான் மன்னிச்சிருன்னு சொன்னா அது உடனே மன்னிச்சேன்னு சொல்லிரும். மேடையில பாத்தேன்ல, யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கிடுது. நீ அவ்வளவு லேசுல மன்னிக்கக்கூடியவனா? ஒரு ரெண்டு நாளாவது இழுத்தடிச்சிருப்பே. அந்த ரெண்டு நாள் இல்லாத மன்னிப்பு எனக்கு எதுக்கு?

அதனால மன்னிப்பை உன்கிட்டயே கேட்டு வச்சிருதேன். பதில் வராதுன்னு தெரியும். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்தா, இப்பமும் அதே கடிகாரம்தான். முன்னால நீ பேசாம இருந்தே, ஆனா ஊருக்குள்ள இருந்தே. என்னைக்காவது பேசலாம்னு ஒரு நெனப்பு மூலையில கெடந்துச்சு. இப்ப அந்த நெனப்பும் இல்ல. அதுதான்லே தனிமைங்கது.

ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மலர்ல படித்துறைக்கு இருபத்திரெண்டு படின்னு நான் எழுதிக் குடுத்தது தப்பு. நான் படியை எண்ணல, மணல் வரைக்கும் எண்ணினேன். லஸ்கர் சுடலைமுத்து சொன்னதுதான் சரி. சந்தேகம் உள்ளவங்க சித்திரையில வாங்க, மறுபடி மணல் மூடியிருந்தாலும் வெட்டிக் காட்டுதேன். நூலகர் இந்த வருச முடிவையும் மாத்தி எழுதிக்கிடணும். கம்ப்யூட்டரை ஜெயிச்ச கதை ஒண்ணும் கிடையாது.

சுடலை, உனக்கு ஒரு வாக்கு குடுக்கேன். அடுத்த வருசப் போட்டியில அந்தக் கேள்வி வராது. வராட்டாலும் நான் மைக்கை வாங்குவேன். நீ நின்ன அதே இடத்துல எந்திரிச்சு நின்னு, இருபத்திமூணுன்னு சொல்லுவேன். அந்த மிசினே தப்புன்னு சொன்னாலும், ஊரே சிரிச்சாலும், உக்கார மாட்டேன். அதுக்குப் பிறகு எந்தக் கேள்வி வந்தாலும், மணி மேல கையை வச்சுக்கிட்டு உன் காலுக்காகக் காத்திருப்பேன். பத்து செகண்டு போனா போகட்டும்.

இப்படிக்கு,
கோமதிக்குச் சித்தப்பன், உனக்குத் தம்பி,
ஆறுமுகம்